ஃபால்ஸ் கலர்: போலிநிறமா, இடுநிறமா?

மொழிபெயர்ப்பாளர், பொங்கோல்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவுக்காக உயர்நிலை மூன்று மாணவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நிறமில்லாத படத்துக்குப் பிறகு சேர்க்கும் நிறத்தை ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ் கலர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் ஒன்றுதான் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது.

முதல் படம் ஏடிஸ் கொசுவின் சிறகுச் செதில். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிடாமல் வீடு வீடாகப் பார்க்கிறோமே, அதே கொசு. செதிலின் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள், இடையிடையே மெல்லிய குறுக்கிழைகள். தறியில் பாவும் ஊடும் ஓடுவதுபோல அத்தனை ஒழுங்கு. எடுத்தபோது படம் வெறும் சாம்பல். செதிலில் பட்டுத் தெறிக்கும் எலக்ட்ரான்கள் எத்தனை என்ற கணக்குத்தான் கருவிக்குக் கிடைக்கும். அதுவே வெளிச்சமும் இருளுமாகிறது. மேட்டுக்கு நீலமும் பள்ளத்துக்குக் காவியும் பிறகு ஒரு மாணவி கணினியில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. அதன் கீழே 'போலி நிறம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்:

அம்மா, போலி என்றதும் ஏன் தயங்க வேண்டும்? இலக்கணத்தில் போலி குற்றமன்று. நிலம் நிலன் ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது, பொருள் கெடவில்லை. சாம்பலின் இடத்தில் நீலம் வந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? பொய் என்றாலும் எனக்குச் சம்மதமே. பொய்க்கால் குதிரை ஆடுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை. மெய்ஞ்ஞானம்போல ஒற்று மிகுத்துப் 'பொய்ந்நிறம்' என்று எழுதலாம்.

இன்னொன்று. மிகச் சிறிய அளவுகளைச் சொல்ல 'நானோ' என்ற பிறமொழி முன்னொட்டு எதற்கு? திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் 'இன்னுழை கதிரின் துன்அணு' என்கிறார். வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசி. 'துன்' என்பதையே முன்னொட்டாக்கிவிடலாமே?

ஆய்வுக்கூடப் பணியாளர், ஜூரோங்:

ஐயா, துன்னுதல் என்றால் நெருங்குதல். அதில் சிறுமை எங்கே இருக்கிறது? வெயிலில் நம் கண்ணில் படும் தூசி மைக்ரோமீட்டர் கணக்கு. நானோமீட்டர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோ இருந்துவிட்டுப் போகட்டும்.

போலி வேண்டாம். பிள்ளைகளுக்குப் போலி என்றால் போலி இணையத்தளம், போலி அழைப்பு. பலகை முன் அரை நிமிடம் நிற்பவரிடம் நன்னூலை விரிக்க முடியாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் எனக்கு அன்றாட வேலை. மாதிரியின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசி, வெற்றிடத்தில் வைத்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதற்கும் சிறிய நுணுக்கங்களில் நிறம் என்ற கேள்வியே மாறிவிடுகிறது. மயில் தோகையில் நீலச் சாயம் எதுவும் இல்லை. மெலனின் என்ற கருநிறமியின் நுண்ணிய குச்சிகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும் ஒழுங்கில் பட்டுத் திரும்பும் ஒளியில்தான் நீலம் மேலோங்குகிறது. எலக்ட்ரான் படத்தில் குச்சிகள் தெரியும், நீலம் தெரியாது. அதற்கு ஒருவர் நீலம் சேர்த்தால் எதைப் பொய் என்பது? எந்தப் பகுதி எங்கே முடிகிறது என்று கண் பிரித்தறியத்தான் நிறம் சேர்க்கிறோம். எந்த நிறம், எவ்வளவு அழுத்தம் என்று தேர்ந்தெடுப்பதில் ஓவியரின் வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பழிக்காத சொல் வேண்டும்.

என் பரிந்துரை: இடுநிறம். வினைத்தொகை. இடுகுறிப்பெயர் என்று எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

இடுநிறம் நல்ல சொல். ஆனாலும் 'நிறம் சேர்த்த படம்' என்றால் என் அம்மாவுக்கும் புரியும். அப்புறம், யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது இலத்திரன் நுணுக்குக்காட்டி. நோக்குபவர் நாம், கருவி காட்டுகிறது. அந்தச் சொல்லையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஈசூன்:

இடுகுறி என்றால் காரணமின்றி இட்டது. மாணவி காரணத்தோடுதானே நிறம் தந்தார்? அப்படியானால் அது காரணநிறம் அல்லவா?

ஜூரோங்:

காரணம் நிறம் இட்டவரிடம் இருக்கிறது, செதிலில் இல்லை. அதனால்தான் இடுநிறம் என்கிறேன், ஐயா.

பொங்கோல்:

இரவு மணி பதினொன்று ஆகிவிட்டது. தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் இடுநிறம் என்கிறார்கள். அதையே போடுகிறேன், முதல் பலகையில் மட்டும் 'இடுநிறம்: எடுத்த படத்துக்குப் பிறகு சேர்த்த நிறம்' என்று ஒரு வரி விளக்கம் வரும். நுணுக்குக்காட்டியை இந்த முறை சேர்க்க இடமில்லை, மன்னிக்கவும்.

ஈசூன்:

சரி, அச்சிடுங்கள். ஆனால் இடுகுறி விளக்கத்தை நான் ஏற்கவில்லை. போலி என்ற சொல்லை மோசடிக்காரர்களிடம் விட்டுக்கொடுக்கவும் எனக்குச் சம்மதமில்லை. நன்னூல் உரைகளைப் பார்த்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.