கோழி மட்டும் சாப்பிடும் ஐந்து மாதக் குட்டி நொண்டுகிறது: இரத்தத்தில் கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது?

வாலாட்டி (கேள்வி):
எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. பால் மறந்ததிலிருந்து வேகவைத்த கோழிதான் சாப்பாடு. எலும்பை நீக்கி, உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் சோற்றோடு பிசைந்து வைக்கிறோம். அது சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கித் தின்னும். குட்டிகளுக்கான உலர் உணவை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

கொஞ்ச நாளாகத் தூங்கி எழும்போது முன்காலை ஊன்றத் தயங்குகிறது. ஒரு நாள் இடது கால், இன்னொரு நாள் வலது கால். படி ஏறாமல் கீழேயே உட்கார்ந்து அழுகிறது, தூக்கினால் கத்துகிறது. பாதங்கள் முன்பைவிடத் தட்டையாக விரிந்து தெரிகின்றன. முள்ளோ காயமோ இல்லை. வேறு ஒரு காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியான அளவில் இருந்தது. அப்படியென்றால் இது உணவால் வந்தது இல்லைதானே? வலிக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கறுப்புமூக்கு:
எலும்பை எடுத்துவிடுவதால்தான் இந்தச் சிக்கல். கறியோடு எலும்பையும் வேகவைத்துப் போடுங்கள், கால்சியம் தானாகக் கிடைத்துவிடும்.

நிலாமுற்றம்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெந்த கோழி எலும்பு காய்ந்து, கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் சிக்கலாம், குடலைக் குத்தலாம். அப்படி நடக்காவிட்டாலும், பொடியான எலும்பு மலக்குடலில் இறுகிப்போய் நாய் முக்கி முக்கி அழும். பச்சை எலும்பு என்றால் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் வரும். நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதைக் கொஞ்சும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்.

பழையகூடம்:
வாலாட்டி, நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உணவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். கால்சியம் 15 மில்லிகிராமைத் தாண்டுவதே அரிது. வளரும் குட்டிக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக, குறைந்தபட்சம் சம அளவிலாவது வேண்டும். கறி மட்டும் தின்னும் குட்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

இதயமும் தசையும் நரம்பும் வேலை செய்ய இரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. அதனால் அளவு சற்று இறங்கினாலும் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாகத் தெரியும், எலும்போ உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். ஓடிவந்து சோபாவிலிருந்து குதித்தாலே முறியும் நிலைக்குக்கூடப் போகலாம். அதனால் எக்ஸ்ரே எடுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு இந்த வயதில் நீண்ட எலும்புகளுக்குள் அழற்சி வந்து, கால் மாறி மாறி நொண்டுவதும் உண்டு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, எக்ஸ்ரேதான் காட்டும்.

வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டரைப் பார்க்கும்வரை ஓட விடாமல், குதிக்க விடாமல் சிறிய இடத்தில் வைத்திருங்கள். பின்கால் இழுபட்டாலோ சிறுநீர் போக முடியாமல் தவித்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம்.

வாலாட்டி:
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்புகளின் ஓரச் சுவர் காகிதம்போல மெல்லியதாகத் தெரிகிறது, நல்லவேளை முறிவு இல்லை. உணவுதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். குட்டிகளுக்கான முழுமையான உணவுக்கு மாற்றச் சொல்லி, சில வாரம் கூண்டில் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டு சந்தேகம். கோழியோடு பால் கொடுத்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்புறம், கால்சியம் டானிக்கும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறுமா?

பழையகூடம்:
முறிவு இல்லை என்பது பெரிய நிம்மதி. பாலில் கால்சியம் இருக்கிறது, ஆனால் பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. கறியில் குவிந்த பாஸ்பரஸை அது ஈடுகட்டாது. வளர்ந்துவரும் பல குட்டிகளுக்குப் பால் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

டானிக் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முழுமையான குட்டி உணவில் கால்சியம் கணக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் டானிக்கும் ஊற்றினால் அளவு மீறும். இளம் குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, உள்ளே போனதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் அதனாலேயே எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். முட்டை ஓட்டுப் பொடி பற்றி யாராவது சொன்னாலும் இதே பதில்தான். அது நல்ல கால்சியம்தான், ஆனால் கறி உணவைக் கணக்குப் போட்டுத் தயாரிப்பவர்களுக்கு உரியது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். வாங்கும் உணவுப் பையில் ‘பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாலாட்டி:
புரிந்தது, டானிக் வேண்டாம். ஆனால் உலர் உணவைத் தொடவே மாட்டேன் என்கிறதே, பட்டினி போட மனசு வரவில்லை.

நிலாமுற்றம்:
பட்டினி போட வேண்டாம். வெங்காயம், பூண்டு, உப்பு இல்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரை மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு வெதுவெதுப்பாக அந்த உணவின்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். கோழியைத் துண்டாகப் போட்டால் பொறுக்கிவிடும், நூல் நூலாகப் பிய்த்து நன்றாகக் கலந்துவிடுங்கள். வழக்கமாக ஒரு வாரத்தில் மாற்றலாம். உங்கள் குட்டிக்கு வயிறு தாங்கினால் இன்னும் வேகமாகவே மாற்றுவது நல்லது. கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட்டு அடுத்த வேளை புதிதாக வையுங்கள், நடுவில் வேறு எதுவும் கொடுக்காதீர்கள். கோழியை நிரந்தரமாக விலக்க வேண்டியதில்லை. நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், தோல் நீக்கிய கறியாக, கூண்டுக்குள் சமத்தாக இருந்ததற்குப் பரிசாகக் கொடுங்கள்.