போஸ்டரில் ஐந்தே வரிதான், ஆனாலும் நெரிசலாகத் தெரிகிறது. எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். ‘ஒரு நாள் ஓவியப் பயிற்சி’ என்ற தலைப்பில் ஏ4 அளவில் ஒரு போஸ்டர் செய்கிறேன். தலைப்பு, தேதி, நேரம், இடம், தொடர்பு எண், நடுவே ஒரு தூரிகைப் படம். அவ்வளவுதான். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 12 மி.மீ. விட்டிருக்கிறேன். எழுத்தளவு தலைப்புக்கு 36 பாயின்ட், மற்றவை 30, 28, 28, 26. அளந்து பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது, தள்ளி நின்று பார்த்தால் ஒரே இரைச்சல். மூன்று நாளாக நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எதை எடுப்பது?

பதில் 1:
எதையும் எடுக்க வேண்டாம். நிறமும் காரணமில்லை. அந்த 12 மி.மீ. தான் சிக்கல். எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்தால் எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே வெறும் புள்ளிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்.

தேதியும் நேரமும் ‘எப்போது’ என்பதற்கான பதில். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. போதும். இடமும் தொடர்பு எண்ணும் அதேபோல. இந்த இரு கூட்டங்களுக்கு நடுவே 15 மி.மீ. விடுங்கள்.

அப்புறம் எழுத்தளவு. 36-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தூரத்திலிருந்து யாரும் உணர மாட்டார்கள். தலைப்பை 60 ஆக்குங்கள், தேதி 28, மற்றவை எல்லாம் 14. பக்கத்தில் வந்து படிப்பவருக்கு 14 தாராளம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, நடுவில் நிறுத்துவதையும் விடுங்கள். நீளம் வெவ்வேறான வரிகளை அப்படி வைத்தால் இரண்டு ஓரமும் கிழிந்த காகிதம் மாதிரி ஆகிவிடும். 20 மி.மீ. மார்ஜின் விட்டு இடது ஓரத்தில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் தொடங்குங்கள். தூரிகையின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முனை வலது விளிம்பைப் பார்த்திருந்தது, தலைப்பை நோக்கித் திருப்பிவிட்டேன். நிறையவே மாறிவிட்டது. ஆனால் 60 ஆக்கியதும் தலைப்பு இரண்டு வரியாக உடைந்து, மேல்வரி ‘ரு’வின் சுழி கீழ்வரி ‘வி’யின் கொக்கியில் இடிக்கிறது.

பதில் 1:
தமிழில் இது அடிக்கடி வரும். பல மென்பொருள்களில் தானாக அமையும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். லத்தீன் எழுத்துக்கு அது சரி. நமக்கு மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருக்கின்றன. 140-க்கு ஏற்றிப் பாருங்கள். இன்னும் இடித்தால் அந்த ஒரு வரியை மட்டும் கையால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
140-இல் சரியாகிவிட்டது. இப்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தலைப்பு, படம், அடியில் விவரங்கள் என்று தனித்தனித் திட்டுகளாகத் தெரிகின்றன. வலது பக்கம் கீழே கையகலம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு பூ வேலைப்பாடு வைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். அங்கே சின்னதாக எதை வைத்தாலும் தேதிக்குப் போகும் கண் அங்கே போய்விடும். ஏ4-இல் ஒரு பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, நாலு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தேதி படிக்க முடியவில்லை என்றால் அதை 32 ஆக்குங்கள், அந்த இடத்தைத் தொடாதீர்கள்.