உதவி வேணும்: விளம்பரத்துல பார்த்த பாம்புக் குட்டியை நம்பி வாங்கலாமா? (வட சென்னை)

தண்டையார்பேட்டை தினேஷ்

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுலேர்ந்தே எனக்குப் பாம்புன்னா ரொம்பப் பிடிக்கும், பயம் கிடையாது. இப்ப வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறேன், வீட்லயும் ஒருவழியா சரின்னு சொல்லிட்டாங்க. பட்ஜெட் 5,000 ரூபாய்தான். நம்ம ஏரியா வாங்கல் விற்றல் விளம்பரங்கள்ல தேடினதுல ரெண்டு சிக்கியிருக்கு.

ஒண்ணு: பால் பைதான் (ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) குட்டி, 4,500 ரூபாய். "கையில எடுத்துப் பழகினது, வீட்டுக்கு வளர்க்கப் பேப்பர்லாம் தேவையில்லை"ன்னு போட்டிருக்கார். மூலக்கடை பஸ் ஸ்டாப்புக்கு வந்தா கொண்டு வந்து தர்றாராம்.

ரெண்டு: மலைப்பாம்புக் குட்டி, 1,500 ரூபாய், செங்குன்றம் பக்கம். "வயல்ல கிடைச்சுது, இப்ப சீறும், ரெண்டு வாரத்துல பழகிடும்"ங்கிறார். படத்துல பழுப்பு உடம்பு, முதுகுல செயின் மாதிரி வட்டம் வட்டமா வரிசையா இருக்கு. ஒரு சாண் நீளம்தான். 500 ரூபாய் ஜிபேல அட்வான்ஸ் போட்டா எனக்காக எடுத்து வெச்சிருப்பாராம். இன்னும் போடலை.

ரெண்டுல எது பாதுகாப்பு? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி எதையெல்லாம் செக் பண்ணணும்? இருக்கிறது மாடி ரூம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

திருவொற்றியூர் பாம்புமீட்பு

தம்பி, ரெண்டாவது ஆளைப் பார்க்கப் போகாதே. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சுட்டேன். முதுகுல வட்ட வட்டமா செயின், பழுப்பு உடம்பு, நல்லாச் சீறுது, நீளம் ஒரு சாண். மலைப்பாம்புக் குட்டி முட்டையிலேர்ந்து வரும்போதே ரெண்டு அடிக்குக் கிட்ட இருக்கும். ஒரு சாண் நீளத்துல மலைப்பாம்பே கிடையாது. கண்ணாடி விரியன் குட்டி போடும்போது சரியா அந்த நீளம்தான் இருக்கும். அது முட்டை போடாம நேரா குட்டி போடுற பாம்பு. மே மாசத்துலேர்ந்து ஜூலை வரைக்கும் நம்ம ஊர் வயல், கரும்புத் தோட்டம், செங்கல் சூளைப் பக்கம் இருபது முப்பதுன்னு ஒரே இடத்துல குட்டிகள் கிடக்கும். அதை அள்ளிட்டு வந்து மலைப்பாம்புன்னு விக்கிறவங்க இருக்காங்க. சிலருக்கு அது விரியன்னே தெரியாது.

படத்தை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு. வட்டம் எத்தனை வரிசை? ஒவ்வொரு வட்டத்துக்கும் கறுப்பு விளிம்பு இருக்கா? தலை எப்படி இருக்கு?

தண்டையார்பேட்டை தினேஷ்

அண்ணா, மூணு வரிசை இருக்கு. நடு வரிசை கொஞ்சம் பெருசு. வட்டத்தைச் சுத்திக் கறுப்புக் கோடு, அதுக்கு வெளியில மெல்லிசா வெள்ளை. தலை முக்கோணமா இருக்கு, கழுத்து ஒடுங்கியிருக்கு. வீடியோ கேட்டதுக்கு ஒண்ணு அனுப்பினார். அதுல பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள சுருண்டுகிட்டு, குக்கர் விசில் மாதிரி விடாம சீறுது.

திருவொற்றியூர் பாம்புமீட்பு

கண்ணாடி விரியன். சந்தேகமே வேணாம்.

மலைப்பாம்போட திட்டுகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்காது, ஒவ்வொண்ணும் ஒரு வடிவத்துல இருக்கும். தலை மேல அம்பு மாதிரி ஒரு குறி இருக்கும், உதட்டு ஓரத்துல சின்னச் சின்னக் குழிகள் தெரியும். மண்ணுளிப் பாம்புலயும் ஒரு வகைக்கு விரியன் சாயல் வரும். ஆனா அதோட திட்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளைஞ்சு போகும், வாலு மொட்டையா இருக்கும், கண்ணு ரொம்பச் சின்னது. மூணு வரிசைச் சங்கிலி, முக்கோணத் தலை, நிக்காத சீறல்னா அது விரியன்தான். குட்டின்னு அலட்சியம் வேணாம், பிறந்த அன்னிக்கே அதுக்குப் பல்லும் உண்டு, விஷமும் உண்டு. இதை ரெண்டு வாரத்துல பழக்க யாராலயும் முடியாது.

ஒருவேளை அது நிஜமாவே மலைப்பாம்பா இருந்தாலும் வாங்க முடியாதுப்பா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மலைப்பாம்பு முதல் அட்டவணையில இருக்கு. குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சாரை, தண்ணிப்பாம்பு, பச்சைப்பாம்புன்னு நம்ம மண்ணுல இருக்கிற எதையும் பிடிச்சு வளர்க்கக் கூடாது. வித்தவன் மாட்டினா அவன் போன்ல இருக்கிற உன் நம்பரும் மாட்டும்.

வேப்பேரி கால்நடை

மேல அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டியதில்லை. தினேஷ், அந்த டப்பாவைத் திறக்கச் சொல்லி இன்னொரு வீடியோ கேட்டுடாதீங்க, அந்த ஆளுக்கும் உயிர் முக்கியம். முடிஞ்சா இது விரியன்னு அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க.

யாரையாவது கடிச்சா இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால உறிஞ்சக் கூடாது. கை காலை அசைக்காம வெச்சு நேரா ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, கிட்னியைக் கெடுக்கும். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம். எவ்வளவு சீக்கிரம் ஏறுதோ அவ்வளவு நல்லது.

பெரம்பூர் பைதான்வீடு

முதல் விளம்பரத்தைப் பத்தி நான் சொல்றேன். பதிவு பண்ணின பால் பைதான் ஒண்ணு என்கிட்ட இருக்கு.

"பேப்பர் தேவையில்லை"ன்னு அவர் சொன்னது தப்பு. பால் பைதான் ஆப்பிரிக்கப் பாம்பு. வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ்ங்கிற சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. முன்ன நம்ம சட்டத்துல வெளிநாட்டு உயிரினம் வளர்க்கிறதைப் பத்தித் தெளிவா எதுவும் இல்லை. 2022ல சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமல். சைட்டிஸ் பட்டியல்ல உள்ள உயிரினங்களை நாலாவது அட்டவணையில சேர்த்தாங்க, 49எம் பிரிவுப்படி வெச்சிருக்கிறவங்க பதிவு பண்ணியே ஆகணும். 2024 பிப்ரவரி கடைசியில அதுக்கான விதிகள் வந்துச்சு. விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல, சான்றிதழ் தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்டேர்ந்து. ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்கு ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க, அதுவும் முடிஞ்சு போச்சு. அதனால பேப்பர் இல்லாத குட்டியை இன்னிக்கு வாங்கிட்டு நாளைக்கு நாமளே பதிவு பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது.

விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: அவர் பேர்ல உள்ள பதிவுச் சான்றிதழ். அதுல உள்ள பேரும் அவரோட அடையாள அட்டைப் பேரும் ஒண்ணா இருக்கணும். குட்டின்னா தாய்ப்பாம்போட பதிவும், குட்டி பிறந்ததைத் தெரிவிச்ச பதிவும் இருக்கணும். உங்களுக்குக் கைமாத்துறதையும் அதே தளத்துல தெரிவிக்கணும். ஒழுங்கா வளர்க்கிறவர் இதைக் கேட்டா கோவப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். பஸ் ஸ்டாப்புல டப்பாவைக் கையில கொடுத்துட்டுப் போறவர்கிட்ட இது எதுவும் இருக்காது.

விலை எப்படிக் குறையுதுன்னும் தெரிஞ்சுக்கங்க. 2023 ஜனவரியில பாங்காக்லேர்ந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்து யாரும் எடுக்காம கிடந்த ரெண்டு பையில 45 பால் பைதானைச் சுங்கத்துறை கண்டுபிடிச்சாங்க. துணிப்பையில கட்டி, தண்ணி இல்லாம, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வர்ற குட்டிகள் அவை. இப்படிக் கடத்திட்டு வர்றதுல மாட்டாம பிழைச்சதுதான் 4,500க்கு வருது. அதுல பலதுக்கும் செதிலுக்கு அடியில உண்ணி இருக்கும், மூச்சு விடும்போது குமிழி வரும், கையில எடுத்தா தொய்வா இருக்கும். "பழகினது"ன்னு விளம்பரத்துல போடுற அந்த அமைதி பல நேரம் நோயாலயும் பசியாலயும் வந்த சோர்வு. அதைப் பார்க்கவே எனக்கு மனசு கேக்காது.

கொளத்தூர் மீன்தொட்டி

நான் கொளத்தூர்ல வண்ணமீன் கடை வெச்சிருக்கேன். பாம்பு கிடைக்குமான்னு கேட்டுட்டு மாசத்துக்கு ரெண்டு பேராவது வந்துடுறாங்க.

அட்வான்ஸ் விஷயத்துல ஜாக்கிரதை. எடுத்து வெக்கிறேன், 500 போடுங்கிறது பழைய வித்தை. அந்தப் படமே வேற நாட்டுக்காரனோடதா இருக்கும். காசு திருப்பித் தர்றேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கன்னா ஸ்கேன் பண்ணாதீங்க. நமக்குக் காசு வரணும்னா ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். ஏமாந்துட்டா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்க.

வியாசர்பாடி வேலு

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஏரியாவுல ஒருத்தர் இருதலைப் பாம்பு இருக்கு, வாங்கி வெச்சா லட்சக்கணக்குல போகும்னு சொல்லிட்டுத் திரியறார். அது நிஜமா?

திருவொற்றியூர் பாம்புமீட்பு

பொய். அது மண்ணுளிப் பாம்பு. வாலு மொட்டையா தலை மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். அதிர்ஷ்டம், மருந்து, எடைக்கு எடை பணம்னு கதை கட்டி அந்த சாதுவான ஜீவனை அழிச்சுட்டு இருக்காங்க. அதுவும் சட்டப் பாதுகாப்புல உள்ளதுதான். காசு போட்டவன் காசும் போகும், ஆளும் உள்ள போவான்.

தண்டையார்பேட்டை தினேஷ்

எல்லாருக்கும் நன்றி. செங்குன்றம் ஆளுக்கு விரியன்னு மெசேஜ் போட்டுட்டேன், பார்த்துட்டார், பதில் இல்லை. மூலக்கடைக்காரர்கிட்ட சான்றிதழ் கேட்டேன், விளம்பரத்தையே எடுத்துட்டார். இதை யார்கிட்ட சொல்றது? கார்ன் ஸ்னேக்குக்குப் பதிவு வேணாம்னு ஒருத்தர் சொல்றாரே, உண்மையா? என் ரூமைப் பத்தி யாரும் சொல்லலையே?

பெரம்பூர் பைதான்வீடு

விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், நம்பர், தேதி எல்லாத்தையும் வனத்துறைக்கு அனுப்புங்க. மத்திய வன உயிரினக் குற்றத் தடுப்பு அமைப்போட தென் மண்டல ஆபீஸும் சென்னையிலதான் இருக்கு. வாங்குற மாதிரி நடிச்சுப் பிடிக்கிற வேலையில மட்டும் இறங்காதீங்க.

கார்ன் ஸ்னேக் சைட்டிஸ் பட்டியல்ல இல்லை, அதனால 49எம் பதிவு அதுக்கு வராது. ஆனா அதுவும் வெளிநாட்டுப் பாம்புதான், அமெரிக்காவோடது. வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவர இறக்குமதி உரிமமும் விலங்கு நோய்த் தடுப்புச் சோதனையும் வேணும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டுற பேப்பரை அதுக்கும் கேளுங்க.

ரூம் விஷயம்தான் உங்களுக்கு நிஜமான சிக்கல். பால் பைதானுக்குத் தொட்டியில ஒரு பக்கம் 31, 32 டிகிரி, இன்னொரு பக்கம் 26 டிகிரி வேணும். குளிர் நாட்டுக்காரங்க சூடேத்தக் கஷ்டப்படுறாங்க, நமக்கு அந்த 26ஐக் கொடுக்கிறதுதான் கஷ்டம். அக்னி நட்சத்திரத்துல ஆஸ்பெஸ்டாஸ் ரூம் மதியம் 40ஐத் தாண்டும். பாம்புக்கு வேர்க்காது, எழுந்து வெளிய போகவும் முடியாது, மூடின தொட்டிக்குள்ள ஒரே மதியத்துல செத்துடும். ஏசி, கரண்ட் போனா இன்வெர்ட்டர், எலித் தீனி, டாக்டர் செலவு எல்லாம் சேர்ந்தா 5,000ங்கிறது ஆரம்பம்கூட இல்லை. 20, 30 வருஷம் வாழுற உயிர் அது. உங்களுக்குக் கல்யாணம் ஆகி, வீடு மாறி, பிள்ளை ஸ்கூலுக்குப் போகும்போதும் கூடவே இருக்கும்.

திருவொற்றியூர் பாம்புமீட்பு

தம்பிக்கு ஆசை நிஜமா இருக்குன்னு தெரியுது, அதை விட வேணாம். லீவு நாள்ல கிண்டி பாம்புப் பூங்காவுக்குப் போய் அவசரம் இல்லாம நின்னு பாரு. அப்புறம் ஈசிஆர்ல வடநெம்மேலிக்குப் போ. 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்க இருக்கு. விஷமுறிவு மருந்துக்கு அவங்கதான் விஷம் எடுத்துக் கொடுக்கிறாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பக்கத்துலேர்ந்து பார்க்கலாம். விரியன் சங்கிலியை அங்க ஒரு தடவை பார்த்துட்டேன்னா அப்புறம் எந்த விளம்பரப் படமும் உன்னை ஏமாத்த முடியாது.

தண்டையார்பேட்டை தினேஷ்

ஞாயித்துக்கிழமை வடநெம்மேலி போறேன் அண்ணா. பெரம்பூர் அண்ணா, நான் கீழ் ரூமுக்கு மாறிட்டா வளர்க்க முடியுமா?

பெரம்பூர் பைதான்வீடு

முடியலாம். இப்பவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கீழ் ரூம்ல மாட்டுங்க. மே மாசம் முழுக்க மதியம் 2 மணிக்கும் ராத்திரியும் அளவு எழுதி வைங்க, கரண்ட் போன நேரத்தையும் சேர்த்து. ஜூன்ல அந்த நோட்டோட இங்க வாங்க, பேசலாம். அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் போடாதீங்க.