மறு: மறு: ‘கிரிட்டிக்கல் சோன்’ – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

மா.செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்க்கான புவியறிவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கிரிட்டிக்கல் சோன் அப்சர்வேட்டரி’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல்தான் சிக்கி நிற்கிறோம். மரத்தின் உச்சி இலை தொடங்கி, மண், சிதைந்த பாறை, அதற்கும் கீழே நிலத்தடி நீர் புழங்கும் எல்லை வரை எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பது இந்தக் கருத்து. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2001 அறிக்கைக்குப் பிறகு சொல் பரவியது. 2007-இல் அங்கே மூன்று கள நிலையங்கள் தொடங்கின, பிறகு பத்தாயின. 2020-இல் அந்தத் திட்டத்தின் இடத்துக்கு, தலைப்புவாரியாகக் குழுக்கள் இயங்கும் வலையமைப்பு ஒன்று வந்தது.

முதல் வரைவில் ‘நெருக்கடி மண்டலம்’ என்று இருக்கிறது. வெள்ள நிவாரணப் பகுதி என்றுதான் மாணவர் நினைப்பார். படத்தின் கீழே 22 எழுத்துக்கு மேல் இடம் இல்லை என்பதையும் கருதுங்கள்.

கு.ந. எழுதியது:

‘நெருக்கடி’ வேண்டாம். அதற்கு மாற்றாக யாரும் ‘மாறுநிலை’யை எடுத்துவிடவும் வேண்டாம். மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று இயற்பியலில் படித்தவர்கள், ஏதோ ஒரு வரம்பைத் தாண்டும் இடம் என்று புரிந்துகொள்வார்கள். இங்கே பொருள் ‘உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது’.

‘மேல்மண் மண்டலம்’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது உண்மையையே மறைத்துவிடும். கலிஃபோர்னியாவின் ஈல் ஆற்று நிலையத்தில் மலைச்சரிவில் துளையிட்டு, நியூட்ரான் கருவியை இறக்கி, ஆழவாரியாக ஈரத்தை அளந்தார்கள். ஆண்டு மழையில் 27% வரை மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறையின் வெடிப்புகளில் தங்குவதாக 2018-இல் வெளியிட்டார்கள். கோடையில் மரங்கள் இழுப்பது அந்த நீரைத்தான். சொல்லில் ‘மண்’ நின்றால் அந்த 27% கணக்கிலிருந்தே விழுந்துவிடும்.

அளவையும் பாருங்கள். பென்சில்வேனியாவின் ஷேல் ஹில்ஸ் வெறும் 8 ஹெக்டேர். ஐடஹோவின் ரெனால்ட்ஸ் கிரீக் 239 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

இ.சி. எழுதியது:

> உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது

அன்புடையீர், நான் முன்வைப்பது ‘நிலமேனி’. மேல், மேடு, மேனி மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கருதுகிறேன். மேனி என்பது உடம்பு, மேற்பரப்பு, நிறம் என எல்லாமாகவும் நிற்கும். உழவர் வழக்கில் விளைச்சலுக்கும் மேனி என்று பெயர். தோற்றம், உடல், விளைச்சல் என மூன்று பொருளும் ஒரு சொல்லில் கிடைக்கும்போது, வடமொழி ‘மண்டலம்’ எதற்கு?

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அன்று. வள்ளுவர் அரண் அதிகாரத்தில் நீர், மண், மலை, காடு நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, இவை உடையதே அரண் என்கிறார். 2001 அறிக்கையின் பட்டியலில் (பாறை, மண், நீர், காற்று, உயிர்கள்) காற்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

யா.த. எழுதியது:

ஐயா, மேனி அழகான சொல். ஆனால் இலங்கையில் ‘வலயம்’ சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: உலர் வலயம், ஈர வலயம், கல்வி வலயம். ‘உயிர்நிலை வலயம்’ எண்டு வைத்தால் விளக்கமே தேவையில்லை. அப்சர்வேட்டரிக்கு ‘அவதானிப்பு நிலையம்’ எங்களுக்குப் பழக்கமான சொல்.

மா.செ. எழுதியது:

‘உயிர்நிலை’ பிடித்திருக்கிறது. ஆனால் ‘வலய வலையமைப்பு’ என்று தலைப்பில் வரும்போது மெய்ப்புப் பார்ப்பவர் ஒன்றை மற்றதாகத் திருத்திவிடுவார். ‘அவதானம்’ தமிழ்நாட்டு மாணவர்க்கு எண்கவனகத்தை (ஒரே நேரத்தில் எட்டுச் செயல்களில் கவனம் வைக்கும் கலையை) நினைவூட்டும்.

கு.ந. எழுதியது:

மேனியை நான் ஏற்காததற்குக் காரணம் ஆழம். கிணறு வெட்டும்போது மண் முடிந்து சரளை வரும், பிறகு கடப்பாரைக்கு இணங்கும் மக்கிய பாறை, அதன் கீழ்தான் வெடி கேட்கும் பாறை. இத்தனையும் இந்த மண்டலம். கபினி வடிநிலத்தில், பந்திப்பூர்க் காட்டுக்குள் மூலெஹொளெ, அதற்கு வெளியே விளைநிலத்தில் பேரம்பாடி என்று இரண்டு நிலையங்கள் இந்திய-பிரெஞ்சு கூட்டு முயற்சியில் இயங்குகின்றன. ஒன்று காடு, மற்றது ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். கீழே இருப்பதைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அங்கே ஓடும் கபினி காவிரிக்கு வருகிற ஆறு. ‘மேனி’ என்றால் மாணவர் தோலோடு நின்றுவிடுவார்.

இன்னொன்று. வரைவில் ‘டென்சியோமீட்டர்’ ‘மண் ஈரமானி’ ஆகியிருக்கிறது. இது பிழை. அது ஈரத்தின் அளவைக் காட்டுவதில்லை, மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒரே அளவீட்டில் களிமண்ணில் மணலைவிட அதிக நீர் இருக்கும். ஏறத்தாழ 85 கிலோபாஸ்கலைத் தாண்டி மண் காய்ந்தால் கருவியின் நீர்த்தம்பத்துக்குள் காற்று புகுந்து, அளவீடு ஈரமண்ணில் போலச் சுழியை நோக்கி இறங்கிப் பொய்த்துவிடும். காற்று நீக்கிய நீரை மறுபடி நிரப்ப வேண்டும். ‘ஈரமானி’ என்று கற்றவர் அந்தப் பொய் அளவீட்டைக் கண்டு மழை பெய்தது என்று எழுதுவார். ‘பற்றுமானி’ என்று வைக்கலாம்.

இ.சி. எழுதியது:

பற்றுமானிக்கு முழு உடன்பாடு. சாப்ரோலைட்டுக்கு (இருந்த இடத்திலேயே சிதைந்து மென்மையான பாறை) உங்கள் வாயிலிருந்தே சொல் வந்துவிட்டது: ‘மக்கிய பாறை’. புணர்த்தாமல் அப்படியே எழுதுங்கள்.

யா.த. எழுதியது:

உறிஞ்சுவகை லைசிமீட்டருக்குக் ‘கசிநீர்மானி’ சரிவராது. அதனுள் வெற்றிடம் உண்டாக்கி, பீங்கான் கிண்ணத்தின் நுண்துளைகள் வழியாக மண்நீரை இழுத்தெடுக்கிறார்கள். தானாகக் கசிவதில்லை. கிண்ணத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்றுதான் வரும். அதனால்தான் நுண்சிலிக்கா மாவைக் குழைத்து அப்புகிறார்கள். ‘மண்நீர் உறிஞ்சி’ என்றே போடலாம்.

மா.செ. எழுதியது:

வியாழன் இரவு. எண்ணிக்கை: ‘உயிர்நிலை மண்டலம்’ நான்கு, ‘நிலமேனி’ இரண்டு, ‘உயிர்நிலை வலயம்’ ஒன்று. நிலையத்துக்கு ‘நோக்ககம்’ யாருக்கும் முழு நிறைவு தரவில்லை, ‘ஆய்வகம்’ என்றால் சோதனைச்சாலை ஆகிவிடுகிறது. ‘உயிர்நிலை மண்டலக் களநிலையம்’ என்று அச்சுக்கு அனுப்புகிறேன், படத்தின் கீழே அடங்குகிறது. பற்றுமானி, மக்கிய பாறை, மண்நீர் உறிஞ்சி மூன்றும் சேர்ந்துவிட்டன.

இ.சி. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லடைவில் ‘உயிர்க்கோள’மும் ‘உயிர்நிலை மண்டல’மும் அடுத்தடுத்து நிற்கும், இரண்டும் ஒன்றே என்று மாணவர் கருதுவார். அடைவில் இரண்டுக்கும் நேரே ஒரு வரி விளக்கமாவது சேருங்கள். இரண்டாம் பதிப்புக்கு ‘நிலமேனி’யை மீண்டும் கொண்டுவருவேன்.

கு.ந. எழுதியது:

விளக்கவரி இதோ: “உயிர்க்கோளம் உயிர்கள் வாழும் இடம் முழுவதும், கடலும் சேர்த்து. உயிர்நிலை மண்டலம் நிலத்தில் மட்டும், மரநுனி முதல் நிலத்தடி நீரின் அடி வரை.” இடம் போதுமா என்று பாருங்கள், அம்மா.