உதவி: புக்மார்க் எல்லாம் இரண்டிரண்டாக ஆகிவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

நீலவானம்:
வணக்கம். கணினியிலும் போனிலும் குரோம்தான் பயன்படுத்துகிறேன். பல வருடமாகச் சேர்த்த புக்மார்க்குகள் ஆயிரத்தைத் தாண்டும். பழைய கணினியிலிருந்து எடுத்து வைத்திருந்த புக்மார்க் பட்டியலின் எச்டிஎம்எல் கோப்பைப் புதிய கணினியில் ஏற்றிவிட்டு, அப்புறம் என் கணக்கில் சிங்க்கை (கணினியிலும் போனிலும் ஒரே பட்டியலை வைத்திருக்கும் வசதியை) இயக்கினேன். இப்போது பாதிக்கு மேல் இரண்டிரண்டாக இருக்கிறது. சில ஃபோல்டர்களுக்குள்ளே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். தேடினாலும் வேண்டியது சிக்குவதில்லை, பல பக்கங்களின் பெயர் வெறும் "முகப்பு" என்றே இருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் தேவையானவை, போனால் மறுபடி தேடி எடுக்க முடியாதவையும் உண்டு. எங்கிருந்து தொடங்கலாம்?

விசைப்பலகை:
முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ். கோப்பின் பெயரில் தேதி போட்டு, கணினிக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சிங்க்கை நிறுத்திவிட்டு நிதானமாகச் சுத்தம் செய்யுங்கள். முடிந்த பிறகு திரும்ப இயக்கலாம்.

தாள்கட்டு:
நகல் எடுக்கச் சொன்னது மிகச் சரி. சிங்க்கை நிறுத்தச் சொன்னதை மட்டும் செய்ய வேண்டாம், நீலவானம். நிறுத்திவிட்டு இங்கே அழித்தால், கணக்கில் உள்ள பழைய பட்டியல் அப்படியே இருக்கும். திரும்ப இயக்கும்போது குரோம் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு எது சரி என்று முடிவு செய்வதில்லை, இரண்டையும் சேர்த்துவிடும். நீங்கள் அழித்தவை எல்லாம் திரும்பி வந்து நிற்கும். இப்போது இரட்டித்ததும் இதே காரணத்தால்தான். ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே இடம் என்று எல்லாம் பொருந்தினால்தான் இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியும். கோப்பிலிருந்து ஏற்றியவை வேறு ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும், அதனால் அவற்றைப் புதியவை என்று எடுத்துக்கொண்டது.

சிங்க் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கணினி ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள், அதுவரை போனில் புக்மார்க்கைத் தொடாதீர்கள். இங்கே அழிப்பது அங்கேயும் அழியும், நமக்கு வேண்டியதும் அதுதான். கை தவறி ஒன்றை அழித்தால் உடனே மேனேஜரிலேயே கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், திரும்பி வரும்.

விசைப்பலகை:
ஆமாம், தாள்கட்டு சொல்வது சரி. சிங்க்கை அப்படியே விடுங்கள்.

நீலவானம்:
நல்லவேளை, இன்னும் நிறுத்தவில்லை. நகல் எடுத்தாயிற்று. இரட்டைகளைக் கண்டுபிடிக்க குரோமிலேயே வழி இருக்கிறதா? எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு சேர்க்கும் கூடுதல் நிரல், போடத் தயக்கமாக இருக்கிறது.

தாள்கட்டு:
தயக்கம் நியாயமானதுதான். அந்த மாதிரி எக்ஸ்டென்ஷனுக்கு உங்கள் புக்மார்க் மொத்தத்தையும் படிக்க, மாற்ற அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். குரோமில் இரட்டையைத் தானாகத் தேடும் வசதி கிடையாது. ஆனால் "இம்போர்ட்டட்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். கோப்பிலிருந்து வந்தவை அதற்குள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அதில் மட்டுமே உள்ளவற்றை வெளியே எடுத்துவிட்டு முழு ஃபோல்டரையும் நீக்கிவிடலாம்.

கலந்துபோனவற்றுக்குக் கொஞ்சம் கைவேலை உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு ஃபோல்டர்களில் ஒன்றைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கட் செய்து, மற்றொன்றில் பேஸ்ட் செய்யுங்கள். பிறகு மூன்று புள்ளியில் பெயர்வாரியாக வரிசைப்படுத்தும் சார்ட் இருக்கிறது. ஒரே பெயருள்ளவை அடுத்தடுத்து வந்துவிடும், பார்த்துப் பார்த்து அழிக்கலாம். "முகப்பு" என்று இருப்பவற்றை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எடிட்டில் முகவரியைப் பார்த்தால்தான் எது எந்தத் தளம் என்று தெரியும்.

நரிவால்:
ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பயன்படுத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: அதே மூன்று விசைகளை அழுத்தினால் லைப்ரரி திறக்கும். அங்கே முகவரிவாரியாகவே வரிசைப்படுத்தலாம், இரட்டைகள் இன்னும் எளிதாகச் சிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி போட்ட நகல்களை எடுத்து வைக்கும், ரீஸ்டோர் பட்டியலில் அவை இருக்கும். ஆனால் ரீஸ்டோர் கொடுத்தால் இப்போதுள்ள எல்லாமே போய் அந்த நாளின் பட்டியல் வந்துவிடும். எச்டிஎம்எல் கோப்பை ஏற்றினால் அப்படி ஆகாது, இருப்பதோடு சேரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீலவானம்:
"இம்போர்ட்டட்" இருந்தது! பெரிய பாரம் இறங்கியது. இன்னொன்று: ஒரே கட்டுரை இரண்டு முகவரியில் இருக்கிறது. ஒன்றில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஏதோ வருகிறது. எதை வைத்துக்கொள்வது?

தாள்கட்டு:
அந்த வாலில் "யுடிஎம்" என்று தொடங்கும் பகுதிகள் இருந்தால், நீங்கள் எந்த இணைப்பு வழியாக வந்தீர்கள் என்று தளம் கணக்கெடுப்பதற்கானவை. அவற்றை வெட்டினாலும் பக்கம் திறக்கும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது எல்லாமே குப்பை இல்லை. யூடியூபில் எந்த வீடியோ என்பதே அங்கேதான் இருக்கிறது. வெட்டியதும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

திறக்காத பழைய இணைப்புகளையும் உடனே தூக்கி எறிய வேண்டாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டால், பழைய நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. உண்மையிலேயே இழக்க முடியாத கட்டுரை என்றால் கன்ட்ரோல் பி அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். புக்மார்க் என்பது முகவரி மட்டும்தான், பக்கத்தைக் காப்பாற்றாது.

நீலவானம்:
சரி. இனிமேல் எப்படி அடுக்கினால் தேடும்போது கிடைக்கும்? முன்பு தலைப்புக்குள் தலைப்பு என்று நான்கு அடுக்கு ஃபோல்டர் வைத்திருந்தேன்.

தாள்கட்டு:
நான்கு அடுக்கு வேண்டாம். சேமிக்கும் நேரத்தில் எந்தக் கிளையில் போடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தால், கடைசியில் எல்லாம் வெளியிலேயே குவியும். ஏழெட்டு ஃபோல்டர், ஒரே அடுக்கு போதும். உழைப்பைப் பெயரில் போடுங்கள். கன்ட்ரோல் டி அழுத்தியதும் வரும் சிறு பெட்டியிலேயே பெயரை மாற்றலாம். "முகப்பு" என்பதற்குப் பதிலாக, ஆறு மாதம் கழித்து என்ன சொல்லைத் தட்டித் தேடுவீர்களோ அதை எழுதுங்கள்: "எக்செல் தேதி கணக்கு சூத்திரம்" என்பது போல. தமிழிலேயே எழுதலாம், தேடல் தமிழிலும் நன்றாக வேலை செய்யும். குரோம் அட்ரஸ் பாரில் அட் குறியோடு "புக்மார்க்ஸ்" என்பதை ஆங்கிலத்தில் தட்டி டேப் விசையை அழுத்தினால், புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடும்.

பிறகு படிக்கலாம் என்று நினைப்பவற்றை இதில் கலக்காதீர்கள். அவற்றுக்கு ரீடிங் லிஸ்ட் இருக்கிறது.

நரிவால்:
ஃபயர்ஃபாக்ஸில் நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, பிறகு சொல். அதுவும் புக்மார்க்கில் மட்டும் தேடும். ஒரே பக்கத்துக்குப் பல டேக் (அடையாளச் சொல்) போட முடிவதால் எந்த ஃபோல்டரில் போடுவது என்ற கவலையும் குறையும்.

நீலவானம்:
மிக்க நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. "மொபைல் புக்மார்க்ஸ்" என்ற ஃபோல்டர் எவ்வளவு முயன்றாலும் அழியமாட்டேன் என்கிறது.

விசைப்பலகை:
அது நிரந்தர ஃபோல்டர், அழிக்க முடியாது. உள்ளே இருப்பவற்றை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். காலியானதும் கணினியில் தானாக மறைந்துவிடும்.