கருவி ஒலியைக் கேட்டறிதல்: வலிவு, மெலிவு வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

ஒலிப்பதிவிலிருந்து கருவி எது, அது வாசிக்கப்படும் முறை எது, ஒலி எவ்வளவு உரக்க எழுகிறது என்பவற்றைக் கணினி பிரித்தறியும் துறைக்குத் தாங்கள் முன்வைத்த சொற்களுள், டைனமிக்ஸுக்கான (ஒலி உரத்தோ மென்மையாகவோ எழும் அளவுக்கான) ‘வலிவு, மெலிவு’ என்னும் இணையை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு ஆகியவை கீழ், நடு, மேல் என்னும் மூன்று தாயிகளின், அதாவது சுர வரிசைகளின், பெயர்கள். தார தாயியில், அதாவது மேல் தாயியில், மென்மையாக ஊதப்படும் குழலை ‘வலிவில் மெலிவு’ என்று குறிக்க நேர்ந்தால், படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? அறிவியல் பாடநூல்களில் வழங்கும் ‘உரப்பு’ இருக்கிறது. படிப்படியாகக் கூடுவது உரப்பேற்றம், குறைவது உரப்பிறக்கம்.

ஒரு கருவியின் ஒலியை மற்றொன்றினின்று வேறுபடுத்தும் டிம்பருக்கு ‘ஒலிவண்ணம்’ கேட்க இனிமையாக இருந்தாலும், வள்ளிமலைப் பக்கம் திருப்புகழ் பாடுவோரிடம் வண்ணம் என்றால் சந்த நடைதான். தொல்காப்பியம் கூறும் 20 வண்ணங்களும் செய்யுளின் ஓசை பற்றியவையே. ‘ஒலித்தன்மை’ என்றால் சுருதியும் உரப்பும்கூட அதில் அடங்கிவிடும். ஆகவே ‘ஒலிச்சாயல்’ என்பதை முன்மொழிகிறேன். எங்கள் வேலூர்ப் பகுதித் தெருக்கூத்தில் முகவீணையும் ஆர்மோனியமும் ஒரே சுரத்தை ஒரே உரப்பில் பிடித்தாலும், மேடையைப் பாராமலே இது சீவாளி (முகவீணையின் ஊதுநாக்கு), இது துருத்தி (ஆர்மோனியத்தின் காற்றுப்பை) என்று கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவரும் சொல்லிவிடுவார். அடிப்படைச் சுரத்துடன் சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களின் அளவு மட்டும் இதற்குக் காரணமன்று. சுரம் எழும் தொடக்கக் கணத்தைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டால், பழகிய காதும் பல கருவிகளைப் பிரித்தறியத் தடுமாறும். ஒலி தொடங்கி வளர்ந்து அடங்கும் போக்கையும் சேர்த்துச் சுட்ட, ‘அப்பாவின் குரல் சாயல்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லே பொருத்தமானது.

வாசிப்பு முறைக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்னும் 8 வகை ‘இசைக்கரணத்தை’ யாழில் எழுப்பி, ‘தன்செவியின் ஓர்த்து’ அறிகிறாள். இன்று கணினியிடம் நாம் எதிர்பார்க்கும் பணிக்கு இதைவிட நேரான பெயர் எனக்குத் தெரியவில்லை. யாழுக்கு அமைந்த இச்சொல்லை நாகசுரத்தில் நாவால் தட்டி ஊதும் துத்துகாரம், தட்டாமல் ஊதும் அகாரம் ஆகியவற்றுக்கும் தயக்கமின்றி விரிக்கலாம். மிருதங்கத்தின் சாப்பு, கும்கி என்னும் அடிமுறைகளும் இதில் அடங்குமா, தோற்கருவிகளுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதை அக்கருவியில் பயின்றோர் தெளிவுபடுத்தினால் பட்டியலை முடித்துவிடலாம்.