முதல் பிரிட்டிஷ் பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) இசைத்தட்டு எந்தக் குழுவுடையது? டேம்டா, செக்ஸ் பிஸ்டல்ஸா?

தாளக்கட்டை:
பக்கத்து இழையில் ஒருவர் "டேம்ட் எல்லாம் பிஸ்டல்ஸ் போட்ட பாதையில் பின்னால் வந்த கூட்டம்" என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. டேம்டின் ஒற்றைப் பாட்டுத் தட்டு "நியூ ரோஸ்" வெளிவந்தது 1976 அக்டோபர் 22. பிஸ்டல்ஸின் "அனார்க்கி இன் த யூகே" நவம்பர் 26. முழுசாக ஐந்து வாரம். பின்னால் வந்தவர்கள் எப்படி முன்னால் தட்டு போட்டார்கள்?

நாலாம்தந்தி:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். பிஸ்டல்ஸ் முதல் கச்சேரி 1975 நவம்பர் 6, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். டேம்ட் முதன்முதலில் மேடையேறியது 1976 ஜூலை 6, லண்டனில் "100 கிளப்" என்ற அரங்கில், அதுவும் பிஸ்டல்ஸுக்கு முன்னால் வாசிக்கும் துணைக் குழுவாக. எட்டு மாத வித்தியாசத்தை விட்டுவிட்டு ஐந்து வாரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

தாளக்கட்டை:
கச்சேரியைப் பற்றி யார் கேட்டது? தட்டு எப்போது வந்தது? அக்டோபர் 22. பிஸ்டல்ஸுக்கு ஈ.எம்.ஐ. போன்ற பெரிய கம்பெனி, மால்கம் மெக்லாரன் மாதிரி மேனேஜர், எல்லாம் இருந்தது. டேம்டுக்கு அந்த வருடம்தான் தொடங்கிய ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ், இஸ்லிங்டனில் பாத்வே என்ற சின்ன ஸ்டூடியோ, தயாரிப்புக்கு நிக் லோ, அவ்வளவுதான். பாடகர் டேவ் வேனியனுக்கு அந்த மாதம்தான் 20 வயது முடிந்தது. டேம்டின் ட்ரம்மர் ராட் ஸ்கேபீஸ் அந்தப் பாட்டில் ட்ரம்ஸை ஆரம்பிக்கும் இடத்தை ஒரு தடவை கேளுங்கள், அப்புறம் பாதை யார் போட்டது என்று பேசலாம்.

மழைக்காகம்:
இரண்டு பேருமே வீண் சண்டை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பையன்கள் த செயின்ட்ஸ் செப்டம்பரிலேயே "ஸ்ட்ராண்டட்" போட்டுவிட்டார்கள். அமெரிக்கக் குழு ரமோன்ஸ் ஏப்ரலிலேயே முழு ஆல்பமும் போட்டாயிற்று.

தாளக்கட்டை:
தலைப்பில் பிரிட்டிஷ் என்று இருக்கிறது. பிரிஸ்பேன் எப்போது பிரிட்டனுக்கு வந்தது?

நாலாம்தந்தி:
தேதி மட்டுமே வரலாறா? டிசம்பர் 1 அன்று பில் கிரண்டியின் டிவி நிகழ்ச்சியில் பிஸ்டல்ஸ் கெட்ட வார்த்தை பேசியதற்குப் பிறகுதான் நாடு முழுக்க பங்க் என்றால் என்ன என்று பேசினார்கள். "நியூ ரோஸ்" வந்தபோது எந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் அலறியது? அதே டிசம்பரில் பிஸ்டல்ஸோடு போன அனார்க்கி சுற்றுப்பயணத்தில் பாதியிலேயே கழற்றிவிடப்பட்டதும் உங்கள் டேம்ட்தான்.

தாளக்கட்டை:
கழற்றிவிட்டது மெக்லாரன், அதையும் சொல்லுங்கள். டெர்பி நகர சபை "எங்கள் முன்னால் வாசித்துக் காட்டினால்தான் அனுமதி" என்றது, டேம்ட் தனியாக வாசிக்கத் தயார் என்று பேச்சு கிளம்பியது, அதைக் காரணம் காட்டி வெளியே தள்ளினார்கள். ஊர் ஊராக வாசிக்கத்தானே குழு கிளம்புகிறது, வாசிக்க நினைத்தது குற்றமா? தள்ளிய பிறகு என்ன ஆயிற்று? 1977 பிப்ரவரி 18, பிரிட்டிஷ் பங்கின் முதல் ஆல்பம், அதுவும் டேம்ட். அமெரிக்கா போய் வாசித்த முதல் பிரிட்டிஷ் பங்க் குழு, அதுவும் டேம்ட். பிஸ்டல்ஸ் ஆல்பம் வந்ததே அக்டோபர் 28, எட்டு மாதம் கழித்து. உங்கள் எட்டு மாதம் இப்போது சரியாகிவிட்டதா?

சுருதிபேதம்:
அந்தப் பெருமையோடு இரண்டாவது ஆல்பத்தையும் சொல்லுங்களேன். தயாரித்தது பழைய ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் ட்ரம்மர் நிக் மேசன்! பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன் "பிங்க் ஃப்ளாய்டை வெறுக்கிறேன்" என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அதுதான் வித்தியாசம்.

தாளக்கட்டை:
டேம்ட் கேட்டது பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பாரட்டை, கிடைத்தது மேசன். அந்த ஆல்பம் எனக்கும் பிடிக்காது. ஆனால் 1977 நவம்பரில் வந்த ஆல்பம் 1976 அக்டோபர் 22ஐ எப்படி மாற்றும்?

சுருதிபேதம்:
சட்டையைப் பற்றிப் பதில் இல்லை.

நாலாம்தந்தி:
போன மாதம் கிளாஷ் என்ற இன்னொரு பங்க் குழுவின் இழையிலும் இவர் இப்படித்தான். அவர்களுக்கு சி.பி.எஸ். இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த ஒரு லட்சம் பவுண்டைப் பற்றியே நாற்பது பதிவு போட்டு ஆட்களை விரட்டினார்.

தாளக்கட்டை:
நாற்பது இல்லை. அந்த ஒரு லட்சம் பவுண்டு பொய் என்று அங்கே சாதித்தது நீங்கள், இன்னும் திருத்தவில்லை.

மழைக்காகம்:
செயின்ட்ஸ் பாட்டை யாராவது கேட்டீர்களா இல்லையா?